இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய மாளிகைகளும் தோட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வருகிறவர்கள் கோபுரக் கோட்டையையும் அரண்மனை வாசலையும் பார்த்த பிறகு, "ஊருக்கு வெளியே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தவறவிடுவது அவசரத்தால்தான். ஒரே நாளில் மூன்று மாளிகை, ஒரு கோட்டை, ஒரு கிராமம் என்று திட்டம் போட்டால் கார் நிறுத்துமிடங்கள்தான் நினைவில் நிற்கும். ஒரு நாளைக்கு ஓர் இடம். அதை முழுதாகப் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த எண்ணத்தில் எழுதியவை.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

ஸ்டவர்ஹெட் போங்கள்.

வில்ட்ஷயரின் தென்மேற்கு மூலையில், ஸ்டவர் ஆறு ஊற்றாகப் பிறக்கும் பள்ளத்தாக்கில் இந்தத் தோட்டம் இருக்கிறது. லண்டனில் 1672-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹோர் வங்கியின் குடும்பத்தார் 1717-இல் இந்த நிலத்தை வாங்கினார்கள். மாளிகையைத் தொடங்கியவர் தந்தை. தோட்டத்தை உருவாக்கியவர் மகன், இரண்டாம் ஹென்றி ஹோர். 1740-களில் வேலையைத் தொடங்கிய அவர், ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி ஏரியை உண்டாக்கினார். கரைச் சரிவுகளில் மரங்களை நட்டார். இடையிடையே கிரேக்க, ரோமானியச் சாயலில் சிறு கோயில்களை எழுப்பினார். மரங்கள் அவர் நினைத்த உயரத்துக்கு வளர்ந்ததை அவரே முழுதாகப் பார்த்திருக்க முடியாது. அந்தப் பொறுமைதான் இந்த இடத்தில் என்னை முதலில் வியக்க வைக்கிறது.

ஏரியைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் நடங்கள். தோட்டம் அப்படிப் பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது. முதலில் வருவது மலர்தேவதை ஃப்ளோராவின் கோயில். அதன் வாசலில் வர்ஜிலின் லத்தீன் காவியத்திலிருந்து ஒரு வரி பொறித்திருக்கிறது: தகுதியற்றோரே, விலகி நில்லுங்கள் என்பது அதன் பொருள். அங்கிருந்து பாதை மரநிழலுக்குள் வளைகிறது. ஏரி மறைகிறது, தெரிகிறது, மறுபடி மறைகிறது.

எதிர்க்கரையில் குகை ஒன்று இருக்கிறது. கரடுமுரடான கற்களால் கட்டிய இருட்டு வழியில் குனியாத குறையாக நுழைய வேண்டும். உள்ளே ஈரக் காற்று, தண்ணீர் விழும் சத்தம். கண் பழகிய பிறகு, வெண்ணிறத்தில் ஒரு பெண்ணுருவம் படுத்துத் தூங்குவது தெரியும். அவளுக்குக் கீழே ஊற்று நீர் வழிந்து ஓடுகிறது. அவளுக்கு எதிரே சுவரில் ஒழுங்கற்ற ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். அதன் வழியே பார்த்தால் ஏரி கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, அக்கரை அப்படியே தண்ணீரில் மிதக்கிறது. இருட்டுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்க்க வைப்பதற்காகவே கட்டிய இடம் அது. அவசரமாக நுழைந்து வெளியேறுகிறவர்கள் இந்தத் திறப்பைக் கவனிப்பதே இல்லை.

அடுத்து பாந்தியன். 1750-களில் ரோம் நகரத்துப் பெருங்கோயிலின் சிறு வடிவமாக ஹென்றி ஃப்ளிட்க்ராஃப்ட் கட்டியது. உள்ளே ரைஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ் சிலை. பிறகு குன்றின்மேல் அப்பல்லோ கோயில், கடைசியில் புல் போர்த்திய ஐந்து வளைவுக் கல்பாலம். அந்தப் பாலத்தருகே நின்று ஏரிக்கு அப்பால் பாந்தியனைப் பார்ப்பதுதான் நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் வரும் காட்சி.

மாளிகையையும் விட்டுவிடாதீர்கள். 1902-இல் தீப்பிடித்தபோது நடுப்பகுதி எரிந்தது. கீழ்த்தளத்துப் பொருள்களையும் ஓவியங்களையும் பெருமளவு காப்பாற்றி, வீட்டைத் திரும்பக் கட்டினார், பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை ஆறாவதாகப் பெற்ற சர் ஹென்றி ஹோர். அவரும் மனைவி ஆல்டாவும் தங்கள் ஒரே மகனை 1917-இல் முதல் உலகப் போரில் இழந்தார்கள். 1946-இல் சொத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு இருவரும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்துபோனார்கள்.

இந்த இடங்கள் யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கா?

பெரும்பாலானவை அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. மூன்று வகை உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் டிக்கெட் வாங்கும்போது குழப்பம் வராது.

முதலாவது, நேஷனல் டிரஸ்ட். ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற மூவர் 1895-இல் தொடங்கிய அறக்கட்டளை. அது வாங்கிய முதல் கட்டடம் சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் ஊரில் உள்ள பாதிரியார் வீடு. 1896-இல் கொடுத்த விலை 10 பவுண்டு. கூரை வேய்ந்த அந்த எளிய வீட்டை இன்றும் பார்க்கலாம். இன்று மாளிகை, தோட்டம், கடற்கரை, மலை என்று டிரஸ்டின் கைவசம் இருப்பவை ஏராளம். உறுப்பினர்கள் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ். கோட்டைகள், இடிந்த மடாலயங்கள், ஸ்டோன்ஹெஞ்ச், ரோமானியச் சுவரின் பல பகுதிகள் என 400-க்கும் மேற்பட்ட இடங்கள். முன்பு அரசு அமைப்பாக இருந்தது, 2015-இல் அறக்கட்டளையாக மாறியது.

மூன்றாவது, இன்னும் குடும்பங்களோ, அவர்கள் அமைத்த தனி அறக்கட்டளைகளோ நடத்தும் இடங்கள். சாட்ஸ்வர்த், பிளென்ஹெய்ம், ஹேடன் ஹால் எல்லாம் இந்த வகை. நேஷனல் டிரஸ்ட் அட்டையை நீட்டினால் இங்கே உள்ளே விடமாட்டார்கள்.

இவ்வளவு பெரிய சொத்துகளைப் பிரபுக்கள் ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

விரும்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களே அதிகம். 1870-களில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்ததும் இங்கிலாந்தின் விளைநில வருமானம் சரிந்தது. மாளிகைகளுக்குச் சோறு போட்டது அந்த நிலம்தான். 1894-இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் இறப்பு வரியைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் சிறிதாக இருந்த வரி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதத்தைத் தொட்டது. போர்களில் வாரிசுகளும் செத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஈயமும் மரப் பலகையும் ஏலத்துக்குப் போயின. சுவர்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சாட்ஸ்வர்த்தின் கதையைக் கேளுங்கள். டெவன்ஷயரின் 10-ஆவது டியூக் சொத்தை மகன் பெயரில் எழுதி வைத்திருந்தார். வரியிலிருந்து தப்ப அவர் உயிரோடு இருக்க வேண்டிய காலக்கெடு முடிய இன்னும் சில வாரங்களே இருந்தபோது, 1950 நவம்பரில் இறந்துவிட்டார். 80 சதவீத வரி விழுந்தது. நிலமும் ஓவியங்களும் போயின. குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹால் வரிக்கு ஈடாகக் கைமாறி 1959-இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. ஹார்ட்விக் 1590-களில் பெஸ் என்ற எலிசபெத் சீமாட்டி கட்டியது. முகப்பில் சுவரைவிடக் கண்ணாடியே அதிகம். கோபுர உச்சிகளில் அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி வானத்தின் பின்னணியில் நிறுத்தியிருக்கிறார். கண்ணாடி மிக விலையுயர்ந்த காலத்தில் ஒரு பெண் தன் செல்வாக்கை இப்படி அறிவித்தார். சாட்ஸ்வர்த்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேராவது இங்கேயும் போக வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாம் பளபளவென்று பொம்மை வீடு போல இருக்குமா?

அந்த அலுப்பு உங்களுக்கு இருந்தால் டெர்பிஷயரில் உள்ள கால்க் அபிக்குப் போங்கள். ஹார்ப்பர் குரூ குடும்பம் வெளியுலகத்தோடு அதிகம் பழகாத குடும்பம். எதையும் தூக்கி எறியாத குடும்பமும்கூட. பதம்செய்த பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளில் அறை அறையாக அடுக்கியிருக்கின்றன. வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1962-இல்தான். 1981-இல் உரிமையாளர் இறந்ததும் பெரும் வரி விழுந்தது. 1985-இல் நேஷனல் டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. அப்போது எடுத்த முடிவைப் பாராட்டியே ஆக வேண்டும்: புதுப்பிக்க வேண்டாம், இருக்கிறபடியே மேற்கொண்டு கெடாமல் நிறுத்திவைப்போம். உரிந்து தொங்கும் சுவர்த்தாள், ஓட்டை நாற்காலி, மூலையில் குவிந்த விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நடுவில் ஓர் அறையில் மட்டும் கண் கூசும். 18-ஆம் நூற்றாண்டில் பரிசாக வந்த அரசவைக் கட்டில் அது. நீலமும் வெள்ளையுமான சீனப் பட்டில் டிராகன்களும் பறவைகளும் பூத்தையலில் இழைத்திருக்கிறார்கள். குடும்பம் அதைப் பிரித்து மாட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்ததால் வெயில் படவில்லை, நிறம் போகவில்லை. மற்ற மாளிகைகளில் வெளுத்துப்போன பட்டுகள் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தக் கட்டில்தான் சொல்லித்தரும்.

மாளிகைக்குள் ஏன் இவ்வளவு இருட்டு? நாற்காலியில் உட்காரலாமா?

மேலே சொன்ன பட்டுதான் காரணம். வெளிச்சம் துணியையும் நீர்வண்ண ஓவியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் திரையைப் பாதி இறக்கி வைத்திருப்பார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். உடனே அடுத்த அறைக்கு ஓடாதீர்கள்.

நாற்காலி இருக்கையில் பைன் காயோ முள் நிறைந்த காய்ந்த பூந்தலையோ வைத்திருந்தால் உட்காரக் கூடாது என்று அர்த்தம். அறிவிப்புப் பலகை வைத்து அறையின் அழகைக் கெடுக்காமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. முதுகுப்பையை வாசலில் வைக்கவோ முன்பக்கம் மாட்டிக்கொள்ளவோ சொல்வார்கள்.

ஒவ்வோர் அறையிலும் ஒருவர் நிற்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற, சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவரிடம் பேசுங்கள். "இந்த அறையில் உங்களுக்குப் பிடித்த பொருள் எது?" என்று கேட்டால் போதும், வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் வெளியே வரும்.

தோட்டங்கள் எல்லாம் வெறும் புல்வெளியும் மரமுமாகத்தானே இருக்கின்றன? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

இயற்கையாகத் தெரியும் அந்தப் புல்வெளி முழுவதும் மனிதர் செய்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கேயும் பிரெஞ்சு பாணியில் கோடு போட்ட பாத்திகளும் நீண்ட சாலை மரங்களும் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் ரசனை மாறியது. மாற்றத்தைக் கையில் எடுத்தவர்களில் பெயர்பெற்றவர் கேப்பபிலிட்டி பிரவுன் என்று அழைக்கப்பட்ட லான்சலாட் பிரவுன். நார்தம்பர்லாந்துக் கிராமத்தில் 1716-இல் பிறந்து, 1741-இல் ஸ்டோ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலங்களை மாற்றியமைத்தார். மேடுகளை வெட்டினார், ஆறுகளை மறித்தார், வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து இடம் மாற்றி நட்டார். பிளென்ஹெய்மில் கட்டடக் கலைஞர் வான்பரோ கட்டியிருந்த பிரம்மாண்டமான பாலத்தின் கீழே சிற்றோடைதான் ஓடியது. பிரவுன் அணை கட்டித் தண்ணீரை உயர்த்தியதும் பாலத்துக்குள் இருந்த கீழ் அறைகளே மூழ்கிப்போயின. பாலத்துக்கு ஏற்ற ஏரி கிடைத்தது.

எங்கே போனாலும் 'ஹாஹா' என்கிற பள்ளத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் செங்குத்தான கற்சுவர், மறுபக்கம் புல் சரிவு. சுவரின் உச்சி இந்தப் பக்கத்துத் தரைமட்டத்தோடு முடிந்துவிடுவதால் மாளிகையின் சன்னலிலிருந்து எதுவும் தெரியாது. புல்வெளி தடையின்றி நீண்டு, மாடுகள் மேயும் வயலோடு கலந்துவிட்டது போல இருக்கும். மாடுகளோ சுவரைத் தாண்டி வர முடியாது. கிட்டே போனால்தான் பள்ளம் இருப்பதே தெரியும், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டுத் தோட்டங்கள் வேறு ரகம். உயரமான வேலிகளை வெட்டிச் சீராக்கி, அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், ஒரு மனநிலை. கிளஸ்டர்ஷயரில் லாரன்ஸ் ஜான்ஸ்டன் உருவாக்கிய ஹிட்கோட் இந்த வகையின் தலைமகன். தோட்டத்துக்காகவே நேஷனல் டிரஸ்ட் 1948-இல் ஏற்ற முதல் இடம் அது. கென்ட்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட்டை எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் பாழடைந்த நிலையில் வாங்கினார்கள். கணவர் நேர்க்கோடுகளை வரைந்தார், மனைவி அவற்றை வழியவிட்டு நிரப்பினார். வெள்ளையும் சாம்பல்பச்சையும் மட்டுமே உள்ள வெள்ளைத் தோட்டத்தை ஜூலை மாதத்து மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியும் ஜூனும். வெயிலும் இருக்கும், பூவும் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்காது.

ஆனால் குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்க வந்தால் அதற்கேற்ற வாரத்தைப் பிடிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை நீலமணிப் பூக்கள் காட்டுத் தரையை மூடிக்கிடக்கும். ரோடோடெண்ட்ரானுக்கு மே. பழைய வகை ரோஜாக்களுக்கு ஜூன் நடுவில் ஹாம்ப்ஷயரில் உள்ள மாட்டிஸ்ஃபாண்ட். மதில் சூழ்ந்த அந்தத் தோட்டத்துக்குள் நுழையும்போதே வாசனை வரும். இலை நிறம் மாறும் அக்டோபரில் ஸ்டவர்ஹெட், சசெக்ஸில் ஷெஃபீல்ட் பார்க், கிளஸ்டர்ஷயரில் வெஸ்டன்பர்ட். பிப்ரவரியில் பனித்துளிப் பூக்கள். கேம்பிரிட்ஜ் அருகே ஆங்கில்சி அபியில் குளிர்காலத்துக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் முடிவில் வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள் கூட்டமாக நிற்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பல மாளிகைகளின் உள்பகுதி மூடியிருக்கும். தோட்டமும் தேநீரகமும் மட்டும் திறந்திருக்கும். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் 'மாளிகை திறந்திருக்கும் நேரம்' என்பதைத் தனியாகப் பாருங்கள். தோட்ட நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய.

இந்தியாவிலிருந்து வந்த பணத்தில் கட்டியவை இருக்கின்றனவா?

இருக்கின்றன. அவற்றை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேஷனல் டிரஸ்டே 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புள்ள 93 இடங்களைப் பட்டியலிட்டது. அதை எதிர்த்துப் பெரிய கூச்சல் எழுந்தது. என் கருத்தில் டிரஸ்ட் செய்தது சரியே. சுவரின் அழகைச் சொல்கிறவர்கள் சுவருக்கு வந்த காசையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கரையோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்தவர் ராபர்ட் பாக். கிழக்கிந்தியக் கும்பெனியின் பாதிரியாராகச் சென்னைப் பட்டினம் வந்து, 1763 முதல் 1767 வரை ஆளுநராக இருந்து, செல்வத்தோடு ஊர் திரும்பி, டெவனில் எக்ஸிட்டர் அருகே ஹால்டன் மாளிகையை வாங்கினார். அந்த மாளிகையின் பெரும்பகுதி 1920-களில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் குன்றின் உச்சியில் 1788-இல் அவர் எழுப்பிய முக்கோண வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. கர்நாடகப் போர்களில் கும்பெனிப் படையை நடத்திய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாகக் கட்டியது. உள்ளே ஆளைவிடப் பெரிய லாரன்ஸ் சிலை, ரோமானியத் தளபதியின் உடையில். திருச்சிராப்பள்ளிக்காகப் போரிட்டவர் டெவன் குன்றில் ரோமானியராக நிற்கிறார். பொதுமக்களுக்குச் சில நாள்களே திறக்கிறார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

பாக்குக்கும் முந்தியவர் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரத்தை வாங்கி, இங்கிலாந்தில் பட்டை தீட்டி, 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். அதே காலத்தில் கார்ன்வாலில் பொகானக் பண்ணையை வாங்கினார். வைரம் இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. பொகானக் தோட்டம் வசந்த காலத்தில் குறைந்த நாள்களே திறக்கும். ஆர்க்காட்டு முற்றுகையில் பெயர் எடுத்த ராபர்ட் கிளைவ் பின்னாளில் வாங்கிய கிளேர்மாண்ட், சர்ரேயில் இருக்கிறது. அங்கே அவர் பிரவுனைக் கொண்டு கட்டிய வீடு இன்று பள்ளிக்கூடம், அருகிலுள்ள தோட்டம் நேஷனல் டிரஸ்டிடம்.

கட்டடமே இந்திய வடிவில் வேண்டுமென்றால் கிளஸ்டர்ஷயரில் செசின்கோட். கும்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்ரெல்லுக்கு அவருடைய சகோதரர் 1805-ஐ ஒட்டிக் கட்டிக்கொடுத்தது. செம்பு வெங்காயக் குவிமாடம், மயில்தோகை வளைவுச் சன்னல்கள், சுற்றிலும் ஆங்கிலப் புல்வெளி.

எனக்கு மனத்தில் நிற்பது வைட் தீவில் உள்ள ஆஸ்பர்ன் மாளிகையின் தர்பார் அறை. விக்டோரியா அரசிக்காக 1890-களின் தொடக்கத்தில் கட்டியது. வடிவமைத்தவர் லாகூர் கலைப்பள்ளியிலிருந்து வந்த பாய் ராம் சிங். கூரை முழுவதும் வெண்சுதை வேலைப்பாடு. கணப்புக்கு மேலே தோகை விரித்த மயில். வெளியே நடைவழியில் ருடால்ஃப் ஸ்வபோடா வரைந்த இந்தியர்களின் சிறிய உருவப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அவர்களில் ஆக்ராவின் முதிய குயவர் பக்ஷிராமும் ஒருவர். நரைத்த தாடியும் களைத்த கண்களுமாக அவர் நேராக நம்மைப் பார்க்கிறார். அரசிகளின் படங்களைவிட அந்தப் படத்தின் முன்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

கர்சன் பிரபுவின் குடும்ப வீடான கெடில்ஸ்டன் டெர்பிஷயரில் இருக்கிறது. கல்கத்தாவின் ஆளுநர் மாளிகையை இந்த வீட்டின் மாதிரியில்தான் கட்டினார்கள்; வைஸ்ராயாகப் போன கர்சன் தன் வீட்டின் சாயலிலேயே அங்கே வாழ்ந்தார். வங்கத்தைப் பிரித்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் கோபம் உண்டு. அதே ஆள் இந்தியாவில் 1904-இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பிய பின் 1911-இல் லிங்கன்ஷயரின் டாட்டர்ஷல் கோட்டையை வாங்கி, அதிலிருந்து பெயர்த்து விற்கப்பட்ட கற்கணப்புகளை மீட்டுவந்து பொருத்தினார். அகழி சூழ்ந்த போடியம் கோட்டையையும் அவர்தான் நாட்டுக்கு விட்டுச்சென்றார்.

வேலைக்காரர்கள் வாழ்ந்த பகுதியைப் பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் பாருங்கள். கார்ன்வாலில் லேன்ஹைட்ராக் மாளிகை 1881-இல் தீப்பிடித்த பிறகு திரும்பக் கட்டப்பட்டது. அதன் சமையற்கட்டு, பால் அறை, ரொட்டி அறை, பணிப்பெண்கள் படுத்த மாடி அறைகள் எல்லாம் வரிசையாகத் திறந்திருக்கின்றன.

அதே கார்ன்வாலில் ஹெலிகன். முதல் உலகப் போருக்குத் தோட்டக்காரர்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை, தோட்டத்தைக் காடு விழுங்கியது. 1990-இல் முட்புதரை வெட்டி உள்ளே போனவர்கள், தோட்டக்காரர்களின் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் எழுதிய கையெழுத்துகளைக் கண்டார்கள். பெயர்களோடு தேதி: 1914 ஆகஸ்ட். தோட்டத்தை மீட்டவர்கள் அதை அந்த ஆட்களின் நினைவிடமாகவே நடத்துகிறார்கள்.

என் மகனுக்கு மாளிகை என்றாலே சலிப்பு. அறிவியல்தான் பிடிக்கும்.

அப்படியானால் லிங்கன்ஷயரில் ஊல்ஸ்தோர்ப் பண்ணை வீடு. நியூட்டன் பிறந்த வீடு. 1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடியபோது இங்கே திரும்பி வந்து, சன்னல் அடைப்பின் துளை வழியே வந்த ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்தார். வாசலுக்கு எதிரே அந்த ஆப்பிள் மரம் நிற்கிறது. 1820-இல் புயலில் சாய்ந்தது. விழுந்த இடத்திலேயே வேர்பிடித்துத் திரும்ப வளர்ந்தது.

வில்ட்ஷயரில் லேகாக் மாளிகையின் தென்புற நடைக்கூடத்தில் சிறிய கட்டக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. 1835 ஆகஸ்டில் புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் அதைப் படம் பிடித்தார். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான், தபால்தலை அளவே இருக்கும். அதே சன்னலை அதே கோணத்தில் உங்கள் மகன் கைபேசியில் எடுக்கட்டும்.

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் டார்வின் 40 ஆண்டுகள் வாழ்ந்த டவுன் இல்லமும், நார்தம்பர்லாந்தில் நீர்மின்சாரத்தால் விளக்கெரித்த முதல் வீடான கிராக்சைடும் இதே பட்டியலில் வரும்.

சிறு பிள்ளைகளுக்கு அகழி, ஒளிவிடம் இரண்டும் பிடிக்கும். வார்விக்ஷயரில் பேட்ஸ்லி கிளின்டன் மாளிகையில் 1591-இல் கத்தோலிக்கப் பாதிரியார்களைத் தேடிக் காவலர்கள் புகுந்தபோது, பாதிரியார்கள் தரைக்கடியில் இருந்த கழிவுநீர்ச் சுரங்கத்தில் முழங்கால் நனையத் தண்ணீரில் நான்கு மணி நேரம் அசையாமல் நின்று தப்பினார்கள். அந்த இடத்தைக் காட்டி இதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்காது.

கார் இல்லாமல் போகலாமா?

சில இடங்களுக்கு நன்றாகவே போகலாம். செவனோக்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நோல் மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். மான்கள் குறுக்கே வரும் பூங்கா அது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிளென்ஹெய்ம் வாசலுக்கு பஸ் உண்டு. ஷெஃபீல்டிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கும் உண்டு. ஸ்டவர்ஹெட்டுக்கு கில்லிங்ஹாம் நிலையம் வரை ரயில், பிறகு சுமார் 10 கிலோமீட்டர் டாக்சி. திரும்பும் டாக்சியையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புற பஸ்ஸை நம்பாதீர்கள்.

காரில் போனால் சுற்றுலா இடங்களைக் காட்டும் பழுப்பு நிறப் பலகைகளைப் பின்பற்றுங்கள். கடைசி சில மைல் ஒற்றைப் பாதையாக இருக்கும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும்.

டிக்கெட்டா, உறுப்பினர் அட்டையா?

ஒரே இடம் என்றால் டிக்கெட். ஒரு வாரத்தில் நான்கைந்து நேஷனல் டிரஸ்ட் இடங்கள் என்றால் ஆண்டு அட்டையே மலிவாக முடியலாம். வாகனம் நிறுத்தும் கட்டணமும் மிச்சம். கோட்டை, இடிந்த மடாலயம்தான் விருப்பம் என்றால் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்கென விற்கும் பாஸ் வாங்குங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் துணையாக வருகிறவரிடம் இந்த இரண்டு அமைப்புகளும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பழைய மாளிகைகளின் மாடிக்குப் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது, முதியோரை அழைத்துப்போகிறவர்கள் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தேநீரகம் எங்கும் உண்டு. சைவக்காரர்களுக்குச் சூப்பும், சுட்ட உருளைக்கிழங்கும் கிடைக்கும். ஸ்கோன் என்ற சிறு ரொட்டியை அவசியம் சாப்பிடுங்கள். டெவனில் முதலில் கிரீம், மேலே ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம். கேக்கில் முட்டை இருக்கும். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடவும் பெரும்பாலான இடங்களில் தடையில்லை.

ஒரு வாரம் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே ஊரில் தங்குங்கள். டெர்பிஷயரில் பேக்வெல்லில் தங்கினால் சாட்ஸ்வர்த், ஹேடன், ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க் ஐந்தும் நாளுக்கு ஒன்றாக முடியும். லண்டனை விட்டு அதிகம் விலக முடியாதவர்களுக்குக் கென்ட், சசெக்ஸ்: நோல், இத்தம் மோட், சிசிங்ஹர்ஸ்ட், போடியம்.

வடக்கே போக முடிந்தால் யார்க்ஷயரில் ஃபவுன்டன்ஸ் மடாலயம். 1132-இல் துறவிகள் தொடங்கி, 1539-இல் எட்டாம் ஹென்றி கலைத்தது. கூரையில்லாத தேவாலயத் தூண்களுக்கு நடுவே புல் முளைத்திருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டம். 1720-இன் பங்குச்சந்தை ஊழலில் பதவியிழந்த நிதியமைச்சர் ஜான் ஐஸ்லபி அதிலேயே வாழ்நாளைக் கழித்தார். மடாலயத்தை அவர் மகன் 1767-இல் வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். நேராக மடாலயத்துக்கு ஓடாமல் தோட்டத்தின் வழியே நடந்து போங்கள், வளைவு திரும்பியதும் அது மொத்தமாகக் கண்ணில் விழும்.

காசு செலவில்லாமல் பார்க்க வழி உண்டா?

செப்டம்பரில் ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ் நடக்கும் நாள்களில் கட்டணம் வாங்கும் பல இடங்களும், வழக்கமாகத் திறக்காத பல கட்டடங்களும் இலவசமாகத் திறக்கும். கிராமத்துப் பழைய தேவாலயங்கள் பகலில் பெரும்பாலும் பூட்டாமல் இருக்கும். மாளிகையில் வாழ்ந்தவர்களின் கல்லறைச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. பல பூங்காக்களின் குறுக்கே பொது நடைபாதை போகிறது. அதில் நடக்க யாரும் கட்டணம் கேட்க முடியாது.

இலவசம் இல்லை என்றாலும் சில பவுண்டில் முடிவது நேஷனல் கார்டன் ஸ்கீம். 1927-இல் செவிலியர் சேவைக்குப் பணம் திரட்டத் தொடங்கியது. அப்போது தலைக்கு ஒரு ஷில்லிங், 609 தோட்டங்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டுத் தோட்டத்தை ஆண்டுக்குச் சில நாள் திறந்துவிடுகிறார்கள். மஞ்சள் அறிவிப்பு தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். செடியை நட்டவரே வாசலில் நின்று வரவேற்பார். கேக்கும் அவர் வீட்டில் சுட்டதாகவே இருக்கும்.